வீட்டு டெஸ்க்டாப்புக்கு எந்தப் பிராசசர்? முதல்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணலாம் என்று கடைக்குப் போனால் வரும் முதல் கேள்வி, “ஐ3 போதுமா, ஐ5 போடவா?” என்பதுதான். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். ஐ3, ஐ5 என்பதெல்லாம் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் பெயரில் ஒரு துண்டுதான். அது எந்த வருடத்து ஐ5, உள்ளேயே கிராபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) இருக்கிறதா, எந்த மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பெரிய பலகை) உட்காரும், உங்கள் வீட்டில் அதற்கு என்ன வேலை என்ற நான்கும் தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கே அர்த்தம் வருகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு, கடந்த நான்கைந்து வருடங்களில் வந்த, கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிற, நான்கு அல்லது ஆறு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள பிராசசர் தாராளமாகப் போதும். அதற்கு மேல் பிராசசரில் போடும் பணத்தை நல்ல எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), 16 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), நம்பகமான எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) பக்கம் திருப்பினால் வித்தியாசம் தினமும் கண்ணுக்குத் தெரியும். கேம் ஆடுகிறவர்களுக்கும் வீடியோ எடிட் பண்ணுகிறவர்களுக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கும் கீழே இடம் இருக்கிறது.

1. முதலில் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, வீட்டில் யார் யார் கம்ப்யூட்டரில் என்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதுங்கள். “எல்லாத்துக்கும்தான்” என்று எழுதாதீர்கள். அப்பா டேலியில் கணக்குப் போடுவார், பிள்ளை ஆன்லைன் வகுப்பு பார்ப்பாள், அக்கா கல்லூரியில் ஆண்ட்ராய்டு ஆப் எழுதப் பழகுகிறாள், தம்பி வேலரண்ட் கேம் ஆடுவான் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

பிரவுசர், யூடியூப், வேர்டு, எக்செல், டேலி, ஜூம் வகுப்பு: இவற்றில் எதுவும் இன்றைய நான்கு கோர் பிராசசரைத் திணறடிக்காது. பிரவுசரில் முப்பது டேப் திறந்து வைத்துவிட்டு “ஸ்லோவா இருக்கு” என்றால் அங்கே தீர்ந்துபோவது பெரும்பாலும் ரேம்தான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ கொஞ்சம் பசி அதிகமான மென்பொருள். எழுதிய கோடு கம்பைல் ஆகும்போது, அதாவது ஆப்பாக மாறும்போது, எல்லாக் கோரையும் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் எமுலேட்டரும் (திரையிலேயே ஓடும் போலி செல்போன்) ஓடினால் 8 ஜிபி ரேம் திண்டாடிவிடும். அதற்கு ஆறு கோரும் 16 ஜிபியும் நியாயமான அளவு. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் எடுப்பது (வரைந்ததைப் படமாக மாற்றுவது), 4கே வீடியோ வெட்டி ஒட்டுவது போன்ற வேலைகளுக்குக் கோர் எத்தனை கூடினாலும் பலன் உண்டு. கேமுக்குப் பிராசசரைவிட, தனியாக வாங்கிப் பொருத்தும் கிராபிக்ஸ் கார்டு முக்கியம்.

பட்டியலில் இருப்பது பிரவுசரும் பத்திரிகை படிப்பதும் வங்கிக் கணக்கு பார்ப்பதும் மட்டும்தான் என்றால், பெரிய கேபினெட்டே தேவையில்லாமல் போகலாம். இன்டெல் (பிராசசர் தயாரிக்கும் இரண்டு பெரிய கம்பெனிகளில் ஒன்று, மற்றது ஏஎம்டி) என்100 போட்ட மினி பிசி என்று ஒன்று கிடைக்கிறது. நான்கு சிறிய கோர்கள், சிப்பின் மின்தேவை 6 வாட் அளவு, கையடக்கமான பெட்டி. பெற்றோருக்கு வாங்கித் தருகிறவர்கள் அதையும் ஒருமுறை பாருங்கள். பின்னால் பிராசசரை மாற்ற முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

2. பெயரை முழுதாகப் படியுங்கள்

இதில்தான் நம் ஊரில் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

“ஐ7 கம்ப்யூட்டர், மலிவு விலை” என்று விளம்பரம் வரும். உள்ளே இருப்பது கோர் ஐ7-2600 ஆக இருக்கும். 2011 ஜனவரியில் வந்த பிராசசர் அது. இதை 2022 ஜனவரியில் வந்த கோர் ஐ3-12100 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நான்கு கோர், எட்டு திரெட் (திரெட் என்ன என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன்). பழையதன் அடிப்படை வேகம் 3.4 ஜிகாஹெர்ட்ஸ், புதியது 3.3. உச்ச வேகம் பழையதில் 3.8, புதியதில் 4.3. இந்த எண்களை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தோன்றும், பெயரில் ஐ7 இருப்பதால் பழையதுதான் உசத்தி என்றும் தோன்றும். ஆனால் ஒரே ஒரு கோருக்கு வேலை கொடுத்துப் பார்த்தால், அந்த ஐ3 இந்த ஐ7-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலையை அதே நேரத்தில் முடித்துவிடும். ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் புதிய கோர் செய்து முடிக்கிற வேலை அவ்வளவு அதிகம். மின்சாரமும் குறைவு: பழையது 95 வாட் சிப், புதியதன் அடிப்படை 60 வாட்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிப்பது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆக, அந்தப் பழைய ஐ7-ஐ இன்று வாங்குகிறவர் முறையான வழியில் விண்டோஸ் 11-க்குப் போக முடியாது. லினக்ஸ் போட்டு ஓட்டுகிறவருக்கு அது இன்னும் உழைக்கும். மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எனவே கடைக்காரர் “ஐ5” என்றால், “ஐ5-ல எந்த நம்பர்?” என்று கேளுங்கள். 12400 என்றால் முதல் இரண்டு இலக்கமான 12 தலைமுறை, பின்னால் வரும் 400 அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். எண் நான்கே இலக்கம் என்றால், உதாரணமாக 3470, முதல் இலக்கம்தான் தலைமுறை. அது மூன்றாம் தலைமுறை, 2012-ஐச் சேர்ந்தது. 2024 அக்டோபரில் வந்த டெஸ்க்டாப் வரிசையில் இன்டெல் “ஐ”யை விட்டுவிட்டு கோர் அல்ட்ரா 5, அல்ட்ரா 7 என்று வைக்க ஆரம்பித்துவிட்டது. அதில் எண் மூன்றே இலக்கம், 225, 245 என்று வரும்.

ஏஎம்டியில் ரைசன் 3, 5, 7, 9 என்ற வரிசை. அதன் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் 5000 வரிசை என்றால் பழைய ஏஎம்4 மதர்போர்டு. 7000, 8000, 9000 என்றால் புதிய ஏஎம்5. ஏஎம்4, ஏஎம்5 என்பவை சாக்கெட் வகைகள், ஐந்தாம் பகுதியில் விவரம் இருக்கிறது.

3. கடைசி எழுத்தை விட்டுவிடாதீர்கள்

எண்ணுக்குப் பின்னால் வரும் ஒற்றை எழுத்து சின்னதாகத் தெரியும், ஆனால் அதுதான் சிலரை மறுபடியும் கடைக்கு அலைய வைக்கிறது.

இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஐ5-12400 வேறு, ஐ5-12400எஃப் வேறு. எஃப் விலை கொஞ்சம் குறைவு என்பதால் அதை வாங்கி, மதர்போர்டின் பின்னால் இருக்கிற ஹெச்டிஎம்ஐ துளையில் மானிட்டரைச் செருகினால் படமே வராது. மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். போர்டில் துளை இருப்பதால் படம் வரும் என்று நினைத்துவிடுகிறோம். அந்தத் துளைக்குப் படத்தை அனுப்ப வேண்டியதே பிராசசர்தான். தனிக் கிராபிக்ஸ் கார்டு போடப்போவது உறுதி என்றால் மட்டும் எஃப் வாங்குங்கள். அப்போதும், நாளைக்குக் கார்டு பழுதானால் அது சரியாகி வரும்வரை கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும். விலை வித்தியாசம் கட்டுப்படியானால் எஃப் இல்லாததையே எடுங்கள் என்பேன்.

கே என்றால் ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம் என்று பொருள். பெட்டியில் கூலர் (பிராசசரைக் குளிர்விக்கும் மின்விசிறி) வராது, விலையும் கூட. வீட்டு உபயோகத்துக்கு வேண்டாம்.

ஏஎம்டியில் ஜி என்று முடிந்தால் உள்ளே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருக்கும்: 5600ஜி, 8600ஜி. பழைய ஏஎம்4 வரிசையில் ஜி இல்லாதவற்றில் படம் வராது. 5600, 5500 இரண்டையும் தனிக் கார்டு இல்லாமல் வாங்கக்கூடாது. ஏஎம்5-ல் இந்த வழக்கம் மாறிவிட்டது. ரைசன் 5 7600-இல் எழுத்து எதுவும் இல்லாவிட்டாலும் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உள்ளே உண்டு. படம் பார்க்க, அலுவலக வேலைக்கு அது போதும். 7500எஃப், 8400எஃப் இரண்டிலும் இல்லை. கடைசியில் எக்ஸ்3டி என்று வந்தால் கேஷ் (அடுத்த பகுதியில் பாருங்கள்) மிக அதிகம், கேம் ஆடுகிறவர்களுக்கானது.

4. கோர், திரெட், கேஷ்

கோர் என்பது தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. திரெட் என்பது ஒரு கோருக்குள் ஒரே நேரத்தில் எத்தனை வேலைவரிசையை வாங்கி வைத்துக்கொள்ள முடியும் என்பது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட் என்றால் பன்னிரண்டு கோருக்குச் சமம் இல்லை. கூடுதல் திரெட்களால் சில வேலைகள் ஓரளவு வேகமாக முடியும், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து இன்டெலின் பல பிராசசர்களில் பெரிய கோர், சிறிய கோர் என இரண்டு வகை வருகிறது. ஐ5-13400-இல் பத்துக் கோர் என்று அட்டைப் பெட்டி சொல்லும். அதில் ஆறு பெரியது, நான்கு சிறியது. ஐ5-12400-இல் ஆறும் பெரியவை. எனவே “அதுல பத்து, இதுல ஆறு” என்று வெறும் எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள்.

கேஷ் என்பது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய நினைவகம். அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி இருந்தால் கடுகுக்கும் மிளகுக்கும் ஸ்டோர் ரூம் வரை போக வேண்டாம் அல்லவா, அதுபோல அடிக்கடி தேவைப்படும் தகவலை ரேம் வரை போகாமல் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் இடம் இது. கேமில் இதன் பலன் நன்றாகத் தெரியும். ரைசன் 5 5600-இல் 32 எம்பி, 5600ஜி-இல் 16 எம்பி. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால் தனிக் கார்டு போட்டுக் கேம் ஆடினால் ஜி இல்லாத 5600 முந்தும், கார்டு இல்லாத வீட்டுக்கு 5600ஜி மட்டுமே பொருந்தும்.

ஜிகாஹெர்ட்ஸை ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

5. சாக்கெட்டை முடிவு செய்யுங்கள், ரேமும் அதோடு முடிவாகிவிடும்

பிராசசர் உட்காரும் இடம் சாக்கெட். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் உட்காராது. இப்போது கடைகளில் நீங்கள் சந்திக்கப்போவது நான்கு.

ஏஎம்4: 2017-இல் வந்த முதல் ரைசனிலிருந்து 5000 வரிசை வரை. டிடிஆர்4 ரேம். மதர்போர்டு ஏ520, பி450, பி550 என்ற பெயர்களில் வரும்.

எல்ஜிஏ1700: இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகள். ஹெச்610, பி660, பி760 போர்டுகள். சிலவற்றில் டிடிஆர்4, சிலவற்றில் டிடிஆர்5. ஒரே பெயரில் இரண்டு வகையும் இருக்கும், ஒன்றின் ரேம் மற்றதில் செருகவே வராது. பில் போடும் முன் எது என்று கேட்டுவிடுங்கள்.

ஏஎம்5: 2022 செப்டம்பரில் வந்தது, டிடிஆர்5 மட்டும். ஏ620, பி650, பி850 போர்டுகள். 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் இந்தச் சாக்கெட்டுக்குப் புதிய பிராசசர்கள் தருவோம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்று சின்னதாக ஒன்றை வாங்கி, நான்கு வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு இதுதான் நல்ல இடம்.

எல்ஜிஏ1851: கோர் அல்ட்ரா 200 வரிசைக்கானது, இதுவும் டிடிஆர்5 மட்டும்.

2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கான தேவை நினைவக சிப்களை இழுத்துக்கொண்டதுதான் பெரிய காரணம். எனவே பிராசசரின் விலையைத் தனியாக ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை. பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்து ஒரு தொகையாக எழுதி, அந்தத் தொகையை ஒப்பிடுங்கள். வீட்டில் பழைய கம்ப்யூட்டரில் டிடிஆர்4 ரேம் நல்ல நிலையில் இருந்தால், அதை எடுத்துப் போடக்கூடிய ஏஎம்4 அல்லது எல்ஜிஏ1700 பக்கம் போவது இன்று மிகவும் புத்திசாலித்தனமான முடிவு.

தனிக் கார்டு இல்லாமல், பிராசசரின் சொந்தக் கிராபிக்ஸை நம்பி வாங்குகிறவர்கள் ரேமை ஒற்றைக் குச்சியாக வாங்க வேண்டாம். 16 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபி இரண்டு. உள் கிராபிக்ஸுக்குச் சொந்தமாக நினைவகம் கிடையாது. அது பொது ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்4-3200 ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜிபி வரை தரும், இரண்டாகப் போட்டால் 51.2 ஜிபி. 5600ஜி, 8600ஜி மாதிரியானவற்றில் கேம் ஆடும்போது இந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

6. இனி எதை வாங்குவது?

படிப்பு, அலுவலகம், யூடியூப், பில் கட்டுவது என்ற வீட்டுக்கு ஐ3-12100 அல்லது அதற்கடுத்த 13100, 14100. மூன்றுமே நான்கு பெரிய கோர், எட்டு திரெட். வேகத்தில் பெரிய இடைவெளி இல்லை. எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இவற்றின் உள் கிராபிக்ஸ் ஏவி1 என்ற முறையில் சுருக்கி அனுப்பப்படும் வீடியோவைத் தானே விரித்துக் காட்டும். யூடியூப் இந்த முறையில் நிறைய வீடியோக்களை அனுப்புகிறது, அதனால் இது நல்ல வசதி. 5600ஜி-இன் கிராபிக்ஸுக்கு அந்தத் திறமை இல்லை. அங்கே ஏவி1 வந்தால் பிராசசர் கோர்களே அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆறு கோர் இருப்பதால் சமாளித்துவிடும், கொஞ்சம் கூடுதல் மின்சாரம் செலவாகும்.

கல்லூரி மாணவர், புரோகிராமிங், கொஞ்சம் போட்டோஷாப், ஐந்தாறு வருடம் மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்றால் ஐ5-12400. ஆறு பெரிய கோர், பன்னிரண்டு திரெட், அதிகம் சூடாகாது, சாதாரண போர்டிலேயே நிம்மதியாக ஓடும். யாராவது காரணம் எதுவும் சொல்லாமல் “ஒரு நல்ல பிராசசர் சொல்லுங்க” என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பட்ஜெட் கொஞ்சம் தாராளமாக இருந்து, பின்னால் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் வேண்டுமென்றால் ரைசன் 5 7600.

கார்டு வாங்கக் காசு இல்லை, ஆனாலும் கேம் ஆட வேண்டும் என்றால் ஜி வரிசை. வேலரண்ட், மைன்கிராஃப்ட், பழைய ஜிடிஏ5 மாதிரியானவற்றை 5600ஜி சமாளிக்கும். 8600ஜி அதைவிட நன்றாகவே ஓட்டும். இரண்டு வருடம் கழித்துத் தனிக் கார்டு போடலாம் என்று திட்டம் இருந்தால் 8500ஜி-ஐ வாங்க வேண்டாம். அது கார்டுக்கு நான்கு பிசிஐஇ பாதைகளை (கார்டுக்கும் பிராசசருக்கும் இடையே தகவல் போகும் வழிகள்) மட்டுமே கொடுக்கிறது. 8600ஜி எட்டு கொடுக்கும்.

கார்டோடு கேமிங் என்றால், கார்டுக்குப் போகும் பணத்தைப் பிராசசர் தின்றுவிடக் கூடாது. ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 7500எஃப் போன்றவற்றோடு நிறுத்திக்கொண்டு, மீதியைக் கார்டில் போடுங்கள். ரைசன் 7 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி கேமுக்கு அருமையானவைதான், ஆனால் அவற்றுக்கு ஈடான கார்டும் மானிட்டரும் வாங்க முடிகிறவர்களுக்குத்தான் அந்த வேகம் வெளியே தெரியும்.

வீடியோ எடிட்டிங் பக்கம் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்போனில் எடுக்கும் வீடியோ பெரும்பாலும் ஹெச்.264 அல்லது ஹெச்.265 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அதை விரிப்பதற்கென்றே இன்டெலின் உள் கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்று தனிப் பகுதி இருக்கிறது. பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும், டைம்லைனை இழுக்கும்போது படம் திக்காமல் வரும். எஃப் வாங்கினால் இந்தப் பகுதியும் போய்விடும். ஆகவே கல்யாண வீடியோ, யூடியூப் சானல் என்று யோசிக்கிறவர்கள் கார்டு இருந்தாலும் எஃப் இல்லாத இன்டெலை எடுப்பது நல்லது. கோர் கூடுதலாக வேண்டுமென்றால் ஐ5-13400, 14400 பாருங்கள்.

13, 14-ஆம் தலைமுறை பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அவற்றின் மேல்மட்டப் பிராசசர்களில், அதாவது ஐ7, ஐ9, கே வகை ஐ5 ஆகியவற்றில், தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் நாளடைவில் சிப்பே கெடுகிற கோளாறு இருந்ததை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. அந்த வருடம் ஆகஸ்டிலிருந்து அதைச் சரிசெய்யும் பயாஸ் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட்கள் வந்தன, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியும் இரண்டு வருடம் கூட்டப்பட்டது. புதிதாக வாங்கினால் முதல் வேலையாகப் பயாஸை அப்டேட் பண்ணுங்கள். செகண்ட் ஹேண்டில் அந்த மேல்மட்ட மாடல்களைத் தொடவே வேண்டாம். முன்பு எப்படி ஓடியது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. பன்னிரண்டாம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

7. சூடும் மின்சாரமும்

நம் ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறை 38 டிகிரியைத் தொடும். அந்தக் காற்றை வைத்துத்தான் கூலர் பிராசசரைக் குளிர்விக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் 65 வாட் என்பது உச்சம் இல்லை. ஐ5-12400 முழு மூச்சில் ஓடும்போது 117 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. 65 வாட் ரைசன்கள் 88 வாட் வரை போகும். அளவு மீறிச் சூடானால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கெட்டுப்போகாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் கையில் நிற்காது.

ஐ3-க்கும் 5600ஜி-க்கும் பெட்டியோடு வரும் கூலரே போதும். ஐ5-ஐ மணிக்கணக்கில் முழுச்சுமையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் தனியாக ஒரு டவர் கூலர் வாங்குங்கள். கேபினெட்டில் முன்பக்கம் காற்று நுழைய வழி இருக்க வேண்டும். முன்னால் முழுக்கக் கண்ணாடி போட்டு அடைத்த கேபினெட் பார்க்க அழகு, உள்ளே வெக்கை.

கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை ஒதுக்குங்கள், கார்டு போடுகிறவர்கள் கட்டாயமாக. யுபிஎஸ் விஷயத்தில், 600 விஏ என்றால் பொதுவாக 360 வாட் அளவுதான் தாங்கும். கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் அது போதும். கார்டு வந்தால் 1000 விஏ பக்கம் போங்கள்.

8. கடையில்

சென்னையில் ரிச்சி தெரு, கொழும்பில் யூனிட்டி பிளாசா, இல்லையென்றால் உங்கள் ஊரிலேயே உள்ள கடை, எங்கே போனாலும் கொட்டேஷனை மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். “ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி” என்று மட்டும் எழுதித் தந்தால் அதை இன்னொரு கடையில் காட்டி விலை கேட்கவே முடியாது. “ஐ5-12400, பாக்ஸ் பீஸ், பி760 டிடிஆர்4 போர்டு இன்ன கம்பெனி இன்ன மாடல்” என்று இருக்க வேண்டும். இரண்டு மூன்று கடைகளில் வாங்கி வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுவிட்டு மறுநாள் போங்கள். கொட்டேஷனில் ஜிஎஸ்டி சேர்ந்ததா சேராததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், கடைசியில் தொகை மாறும்.

பிராசசர் பாக்ஸ் பீஸாக வருகிறதா, ட்ரே பீஸாக வருகிறதா என்பது முக்கியம். பாக்ஸ் பீஸ் என்றால் சீல் உடையாத அட்டைப் பெட்டி, வழக்கமாக மூன்று வருட கம்பெனி வாரண்டி. ட்ரே என்பது பெரிய தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாகப் போகும் சரக்கு. அதே சிப்தான், வாரண்டிக்கு மட்டும் விற்றவரைத்தான் நம்ப வேண்டும், கூலரும் வராது. விலை கணிசமாகக் குறைந்து, கடைக்காரர் பில்லில் வாரண்டியை எழுதித் தந்தால் யோசிக்கலாம். சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். சிப்பின் முதுகில் பொறித்திருக்கும் மாடல் எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பயாஸ். போர்டு பிராசசரைவிடப் பழையது என்றால், சாக்கெட் பொருந்தினாலும் ஆன் ஆகாமல் போகலாம். பி450 போர்டில் 5600, பி660 போர்டில் 14-ஆம் தலைமுறை, பி650 போர்டில் 9000 வரிசை என்றால் “பயாஸ் அப்டேட் ஆயிருக்கா?” என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலேயே பென்டிரைவ் வைத்து அப்டேட் செய்யும் வசதி இருக்கும். அப்படிப்பட்ட போர்டு கிடைத்தால் நல்லது.

ஹெச்610 மாதிரி அடிமட்டப் போர்டு ஐ3-க்கும் சாதாரண ஐ5-க்கும் போதும். அதில் ஐ7, ஐ9 போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். போர்டில் மின்சாரம் வழங்கும் பகுதி சூடாகி, பெரிய பிராசசரைச் சின்னப் பிராசசர் வேகத்துக்கு இறக்கிவிடும்.

9. பூட்டும்போதும் பூட்டிய பிறகும்

நீங்களே பூட்டுவதாக இருந்தால், பிராசசரின் ஒரு மூலையில் இருக்கும் சின்ன முக்கோணத்தைச் சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு பொருத்தி, தானாக விழும்படி வையுங்கள். அழுத்தம் தேவைப்பட்டால் எங்கோ தவறு, எடுத்துவிடுங்கள். ஏஎம்4-இல் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கும். எல்ஜிஏ1700, ஏஎம்5 இரண்டிலும் ஊசிகள் போர்டில் இருக்கும், அங்கே விரல் நுனி பட்டாலே வளைந்துவிடும். ஊசி வளைந்த போர்டை வாரண்டியில் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பின்னாளில் ஏஎம்4 கூலரைக் கழற்றும்போது, கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓட்டிப் பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் இடையில் இருக்கும் பசை) இளகிய பிறகு அணைத்துவிட்டு, இடதும் வலதுமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுத்தால் பிராசசரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும்.

முதலில் பயாஸுக்குள் போய் இன்டெலில் எக்ஸ்எம்பி, ஏஎம்5-இல் எக்ஸ்போ என்று இருப்பதை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதி) ஆன் பண்ணுங்கள். இல்லாவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் 2133 அல்லது 2666-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், போர்டில் வேண்டாம்.

விண்டோஸ் ஏறியதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசசரின் முழுப் பெயர், கோர் எண்ணிக்கை, ரேமின் வேகம், எத்தனை ஸ்லாட் பயன்படுகிறது என்பதெல்லாம் இருக்கும். பில்லோடு வைத்துச் சரிபாருங்கள். அப்புறம் பிராசசருக்கு முழுச்சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டவிட்டு, சூட்டளவு காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். ஐ5-12400-க்கு எல்லை 100 டிகிரி, ரைசன் 5600ஜி-க்கும் 7600-க்கும் 95. ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே எல்லையைத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை. இன்டெலின் பெட்டிக் கூலரில் நான்கு பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். அவற்றில் ஒன்று போர்டின் பின்பக்கம்வரை வந்து பிடிக்காமல் நிற்பதுதான் வழக்கமான காரணம். கம்ப்யூட்டரை அணைத்து, நான்கையும் குறுக்கு மூலைகளாக ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். தனியாக வாங்கிய கூலர் என்றால் அதன் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகும் சூடு இறங்கவில்லை என்றால், கடையின் மாற்றித்தரும் கெடு முடிவதற்குள் பெட்டி, பில் எல்லாவற்றோடும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.